கூடத்துக்கு முன் பட்டறை

சென்னையைப் பற்றி ஓவிய ரசிகர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை ஒன்று உண்டு. மும்பைக்கு 1952 முதல் ஜஹாங்கீர் கலைக்கூடம் இருக்கிறது. அதைச் சுற்றிக் காலா கோடா என்று ஒரு வட்டாரமே கலைக்கென்று உருவாகிவிட்டது. தில்லியில் தேசிய நவீனக் கலைக்கூடம் 1954-லேயே வந்துவிட்டது. கொல்கத்தாவுக்கு வங்காளப் பாணி என்ற பெயரும் சாந்திநிகேதனின் அண்மையும் உண்டு. சென்னைக்கு என்ன இருக்கிறது? மார்கழி வந்தால் சபாக்களில் உட்கார இடம் கிடைக்காது. அதே நகரத்தில் ஓவியக் கண்காட்சிக்குப் போனால் ஓவியரும் அவருடைய நண்பர்கள் நாலு பேரும்தான் நிற்பார்கள் என்பது அந்தக் குறையின் சாரம். எண்ணிக்கையை மட்டும் வைத்தால் இதை மறுப்பது கடினம். ஆனால் இந்தக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் அளவுகோல் சரிதானா என்று கேட்க வேண்டியிருக்கிறது. சுவரில் மாட்டிய சட்டகம், அதைப் பார்க்க வரும் கூட்டம், அதை வாங்க வரும் பணம் ஆகிய மூன்றையும் கொண்டு ஒரு நகரத்தின் கலையை அளப்பது மும்பைக்குப் பொருந்தலாம். சென்னையின் நவீனக் கலை பட்டறையில் தொடங்கியது. கூடம் பின்னால் வந்தது. நூற்றெழுபது ஆண்டுகள் கடந்தும் அது பட்டறையை விட்டு முழுதாக வெளியேறவில்லை. இந்த நகரத்துக் கலையின் பலம், பலவீனம் இரண்டுமே அங்கிருந்துதான் வருகின்றன.

தொடக்கத்திலிருந்தே சான்று இருக்கிறது. 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் பிராட்வேயில் ஒரு கலைப் பள்ளியைத் தன் சொந்த முயற்சியில் தொடங்கினார். அடுத்த ஆண்டே அதோடு ஒரு தொழிற்பள்ளியைச் சேர்த்தார். 1852-ல் அரசு இரண்டையும் ஏற்றுக்கொண்டு பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு மாற்றியது. இந்தியாவில் இப்படிப்பட்ட கலைப் பள்ளிகளில் முதலாவது இதுதான். பம்பாய்ப் பள்ளியும் கல்கத்தாப் பள்ளியும் பிறகு வந்தவை. மருத்துவர் ஒருவருக்குக் கலைப் பள்ளியில் என்ன வேலை என்று தோன்றலாம். ஹன்டரின் ஆர்வம் களிமண், சாயம், நார், காகிதம் என்று பொருள்களின் மேல் இருந்தது. தென்னிந்தியாவில் கிடைக்கும் மண்ணைக் கொண்டு நல்ல பீங்கான் செய்ய முடியுமா, இங்குள்ள மரத்தில் அச்சுக்கான செதுக்கு வேலை வருமா என்பவைதான் அவருடைய கேள்விகள். அன்றாடம் புழங்கும் பொருள்கள் அழகாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும், அதற்கு வரையத் தெரிந்த கை வேண்டும் என்பது பள்ளியின் அடிப்படை எண்ணம். ஓவியம் அங்கே ஒரு கருவியாகவே நுழைந்தது. குயவு, செதுக்கு, உலோக வேலை, புகைப்படம் எல்லாம் ஒரே வளாகத்தில் நடந்தன. இந்த முதல் ஏற்பாடு பின்னால் வந்த ஒவ்வொரு தலைமுறையின் மேலும் தன் சாயலை விட்டுச் சென்றது.

நகரத்தின் முதல் பெரிய கண்காட்சிகளும் இதே தன்மை கொண்டவை. 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியைப் பின்பற்றி 1855-ல் சென்னையில் தென்னிந்தியாவின் கச்சாப் பொருள்கள், கலைகள், உற்பத்திப் பொருள்கள் ஆகியவற்றுக்கென்று ஒரு பெரும் கண்காட்சி நடத்தப்பட்டது. பருத்தியும் தோலும் ஒரு பக்கம், சிற்பமும் சித்திர வேலையும் மறுபக்கம் என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ். ஓவியத்துக்கென்றே கண்காட்சிகள் பிறகுதான் வந்தன. 1873-ல் அப்படி ஒன்றில்தான் இளைஞர் ரவிவர்மா ஆளுநரின் தங்கப் பதக்கத்தைப் பெற்றார். அந்தப் பதக்கம் அவரை மன்னர்களின் மாளிகைகளுக்குக் கொண்டு சேர்த்தது உண்மை. ஆனால் அவருடைய சரஸ்வதியையும் லட்சுமியையும் தெரு வீடுகளின் பூஜை அறைக்குக் கொண்டுவந்தது, பின்னாளில் அவர் தொடங்கிய அச்சகம். கண்காட்சியில் வென்றவரும் கடைசியில் ஒரு தொழிற்சாலையின் வழியாகத்தான் மக்களிடம் போய்ச் சேர்ந்தார்.

எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் உள்ள இளஞ்சிவப்புக் கல் கட்டடம் இந்த வரலாற்றுக்குக் கல்லில் நிற்கும் சாட்சி. ஹென்றி இர்வின் வரைந்து, நம்பெருமாள் செட்டியார் கட்டிய விக்டோரியா நினைவு மண்டபம் அது. ஃபதேபூர் சிக்ரியின் பெருவாயிலை நினைவூட்டும் உயர்ந்த வளைவு, சுற்றிலும் சிறிய மண்டபங்கள், மணற்கல்லின் மென்மையான நிறம். 1906-ல் அடிக்கல் நாட்டப்பட்டு 1909-ல் திறக்கப்பட்டது. அதன் முன் நிற்கும் எவரும் இது ஓவியங்களுக்காகவே கட்டியது என்று நினைப்பார்கள். உண்மையில், விக்டோரியா ராணியின் பொன்விழாவை ஒட்டி உருவான விக்டோரியா டெக்னிக்கல் இன்ஸ்டிடியூட், தென்னிந்தியக் கைவினைப் பொருள்களைக் காட்டவும் விற்கவும் எழுப்பிய கட்டடம் அது. இரண்டாம் உலகப் போரில் விமானத் தாக்குதல் தடுப்புப் படைக்கு அலுவலகமாக இருந்தது. 1951-ல்தான் நேரு அதைத் தேசியக் கலைக்கூடமாகத் திறந்துவைத்தார். கலைக்கூடம் என்ற பெயர் பலகை ஏறுவதற்கு முன் அந்த வாசலுக்குள் நாற்பது ஆண்டு வரலாறு இருந்தது. அது பித்தளையும் நெசவும் மர வேலையும் செய்தவர்களோடு தொடங்கியது.

பள்ளிக்கு உள்ளேயும் பட்டறையின் கை ஓங்கியே இருந்தது. சென்னைக் கட்டடங்கள் பலவற்றை வடிவமைத்த ராபர்ட் சிஷோம் 1877 முதல் சில ஆண்டுகள் அதன் தலைவராக இருந்தார். 1884-ல் வந்த இ.பி. ஹாவெல் எட்டு ஆண்டுகள் இருந்து மாகாணம் முழுக்கச் சுற்றி நெசவாளர்களையும் கன்னார்களையும் மரத்தச்சர்களையும் பார்த்து எழுதினார். பிறகு கல்கத்தாவுக்குப் போய் அவனீந்திரநாத் தாகூரோடு சேர்ந்து வங்காளப் பாணிக்கு வழிவகுத்த அதே ஹாவெல்தான் இவர். இந்தியக் கலைக்கு ஐரோப்பிய மாதிரிகள் தேவையில்லை என்ற அவருடைய நம்பிக்கைக்கு முதல் எரு சென்னை மாகாணத்துப் பட்டறைகளில் விழுந்தது. 1898-ல் ஆல்ஃபிரெட் சாட்டர்டன் இங்கே செய்த சோதனை இன்னும் விசித்திரமானது. அலுமினியம் அப்போது ஊருக்குப் புதிய உலோகம். அதன் தகட்டை அடித்துப் பாத்திரமாக்கும் வேலையை அவர் ஒரு கலைப் பள்ளியின் உலோகப் பட்டறையில் தொடங்கினார். வியாபாரம் பெருகவே சில ஆண்டுகளில் அது தனியார் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. தமிழ்நாட்டு அடுக்களையில் எடை குறைந்த, விலை குறைந்த சட்டியும் தூக்குவாளியும் வந்து சேர்ந்த கதையின் ஒரு முனை, ஓவியம் கற்பித்த வளாகத்தில் இருக்கிறது. அடுத்து வந்த அமெரிக்கரான டபிள்யூ.எஸ். ஹாடவே மாகாணத்தின் உலோக வேலைகளையும் துணிமேல் வரையும் கலையையும் பற்றி நூல்களே எழுதினார். துணி பற்றிய நூல் 1917-ல் வெளிவந்தது.

இங்கே முதல் மறுப்பு எழும். இதெல்லாம் பெருமைப்படக் கூடியதா? ஆங்கிலேயன் இந்தியக் கையைக் கைவினைக்குப் போதும் என்று நிறுத்தினான். நுண்கலை தனக்கு, சட்டிபானை உனக்கு என்ற பாகுபாட்டின் விளைவுதான் இந்தத் தொழிற்கலைப் பள்ளி என்று சிலர் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. பேரரசின் கண்காட்சிகளுக்குப் பொருள் சேர்ப்பதும், உள்ளூர் உற்பத்தியைச் சந்தைக்கு ஏற்பத் திருத்துவதும் அந்தக் கொள்கையின் பகுதிகள். ஆலைத் துணியை இறக்கித் தறியை நொடியவைத்த ஆட்சியே தறியின் அழகைப் பாதுகாக்கப் பள்ளி வைத்தது என்பதில் உள்ள முரண்பாட்டையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு நிறுவனத்தைத் தொடங்கியவரின் நோக்கம் வேறு, அதைப் பயன்படுத்தியவர்கள் அதை என்ன ஆக்கினார்கள் என்பது வேறு. பிரிட்டிஷார் போட்ட தண்டவாளத்தில் ஏறிப் போய்த்தான் தேசிய இயக்கத்தார் மாநாடு நடத்தினார்கள். அதுபோலவே, கீழானது என்று ஒதுக்கிக் கொடுத்த பட்டறையைச் சென்னைக் கலைஞர்கள் தங்கள் நவீனத்துவத்தின் மூலதனமாக்கிக்கொண்டார்கள். அந்த மாற்றம் எப்படி நடந்தது என்பதைப் பார்த்தால்தான் மறுப்பின் எடை சரியாகத் தெரியும்.

மாற்றத்தின் முதல் கட்டம் பட்டறையிலிருந்து விலகுவதாகவே இருந்தது. 1929-ல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி பள்ளியின் தலைமையேற்றார். அந்தப் பொறுப்பில் அமர்ந்த முதல் இந்தியர் அவர். அவனீந்திரநாத்தின் மாணவர், ஆனால் குருவின் மென்மையான கோட்டை விட்டு ரொடானின் பாணியில் தசையும் வலுவும் கொண்ட சிற்பத்துக்குப் போனவர். ஆளை நிறுத்தி வைத்து வரைவதும், வெளியே போய் நிலக்காட்சி தீட்டுவதும், ஓவியத்தையும் சிற்பத்தையும் தனிக் கல்வியாக நடத்துவதும் அவர் காலத்தில் வேரூன்றின. 1957 வரை அவர் இருந்தார். மெரினாவில் 1959-ல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை அவருடையது. நான்கு ஆண்கள், ஒரு பாறை, அதன் அடியில் செருகிய கடப்பாரைகள். பாறை இன்னும் நகரவில்லை. உடல்கள் எல்லாம் ஒரே திசைக்குச் சாய்ந்திருக்கின்றன. முதுகின் ஒவ்வொரு தசையும் அந்தக் கணத்தின் பாரத்தைச் சொல்கிறது. சென்னையில் மிக அதிகம் பேர் பார்த்த நவீனக் கலைப் படைப்பு எது என்று கேட்டால் பதில் இதுதான். அதைப் பார்க்க யாரும் நுழைவுச் சீட்டு வாங்கியதில்லை. பேருந்து நிறுத்தத்துக்கே அதன் பெயர். நுண்கலையை நோக்கித் திரும்பியவரின் தலைசிறந்த வேலையும் உடலுழைப்பைப் பற்றியதாகவும், தெருவில் நிற்பதாகவும் அமைந்தது.

இரண்டாவது கட்டம் கே.சி.எஸ். பணிக்கருடையது. ராய் சௌத்ரியிடம் படித்து, அவரோடு ஆசிரியராக இருந்து, அவருக்குப் பிறகு தலைவரானவர். 1944-ல் நண்பர்களோடு முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். சென்னை மாகாணத்தின் பழைய எல்லை காரணமாகத் தமிழர், மலையாளி, தெலுங்கர், கன்னடர் என்று நான்கு மொழி இளைஞர்களும் அந்த வளாகத்தில் கலந்திருந்தார்கள். ஐரோப்பிய நவீனத்துவத்தைப் படித்துவிட்டு, நமக்கு என்று ஒரு கோடு எங்கே இருக்கிறது என்று அவர்கள் தேடினார்கள். பணிக்கர் 1960-களில் வரையத் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் விடை கிடைத்தது. ஜாதகக் கட்டம், ஓலைச்சுவடியின் நெருக்கமான எழுத்து வரிசை, கணக்குக் குறிகள் எல்லாம் அதில் வருகின்றன. படிக்க முயன்றால் பொருள் தராத எழுத்து. ஆனால் பார்த்த மாத்திரத்தில் இந்த மண்ணுக்குரியது என்று தெரியும். சோதிடரின் ஓலையும் கணக்கப்பிள்ளையின் ஏடும் அன்றாடக் கைத்தொழில்கள். நவீன ஓவியத்துக்கான மொழியைப் பணிக்கர் அங்கிருந்து எடுத்தார்.

படித்து முடித்த இளைஞர்கள் எதைக் கொண்டு பிழைப்பது என்ற கேள்வி அப்போதே வந்துவிட்டது. ஓவியம் வாங்கச் சென்னையில் ஆள் இல்லை. பம்பாயில் பார்சி முதலாளிகளும் போரில் தப்பி வந்த ஐரோப்பிய ரசிகர்களும் இளம் ஓவியர்களைத் தாங்கினார்கள். இங்கே செட்டிநாட்டு மாளிகை கட்டியவர்கள் தேக்கிலும் இத்தாலியச் சலவைக்கல்லிலும் செலவழித்தார்கள். நவீன ஓவியத்தின் பக்கம் பெரிதாகத் திரும்பவில்லை. எனவே ஓவியர்கள் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்துப் பாடிக் துணி செய்யத் தொடங்கினார்கள். உருக்கிய மெழுகைத் துணிமேல் வரைந்து, சாயத்தில் முக்கி, மெழுகு விரிசல் விட்ட இடங்களில் சாயம் மெல்லிய நரம்பாக ஊறி, கடைசியில் வெந்நீரில் மெழுகை நீக்கும் வேலை அது. அந்த விற்பனையில் சேர்ந்த பணம் நிலம் வாங்கப் போனது. 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில், அன்று மணலும் சவுக்கும் மட்டுமே இருந்த கடற்கரையில், சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. ஓவியர்கள் தாங்களே நிலம் வாங்கி, வீடு கட்டி, கைவினை விற்றுத் தங்கள் கலையைக் காத்துக்கொண்ட குடியிருப்பு இந்தியாவில் இதற்கு இணையாக இன்னொன்று இல்லை.

இதை வைத்து இரண்டாவது மறுப்பு வரும். கைவினை அவர்களுக்கு வயிற்றுப்பாடு, கொள்கை அல்ல. வசதி இருந்திருந்தால் பாடிக்கை அன்றே தூக்கி எறிந்திருப்பார்கள். வறுமையை அழகியலாக்கிப் பேசுவது தவறு. இதற்குப் பதில் ஏட்டில் இல்லை, செப்புத் தகட்டில் இருக்கிறது. பி.வி. ஜானகிராமின் சிற்பங்களை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். கல்லைக் குடைந்தோ களிமண்ணைக் குழைத்தோ செய்தவை அல்ல அவை. தகட்டை வெட்டி, பின்புறத்திலிருந்து தட்டிப் புடைக்க வைத்து, கம்பியைப் பற்றவைத்துக் கோடுகளாக்கி, நிறம் ஏற்றி எடுத்தவை. முன்பக்கம் பார்த்தால் மூர்த்தி போல நேராக நிற்கும். பின்பக்கம் போனால் வெறும் குழி. கோயிலில் மூலவருக்குச் சாத்தும் வெள்ளிக் கவசம் எப்படியோ அப்படி. முப்பரிமாணச் சிற்பம் என்று ஐரோப்பா சொல்லிக்கொடுத்த இலக்கணத்தை இந்தத் தகடு கேட்காமல் மாற்றிவிட்டது. எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து அதே வழியில் இன்னும் தூரம் போனார். வயிற்றுப்பாட்டுக்குப் பழகிய கை, படைப்புக்கு உட்காரும்போது தன் பழக்கத்தை வெளியே விட்டுவிட்டு வருவதில்லை. தேவைதான் தொடக்கம் என்பதை ஒப்புக்கொள்ளலாம். தேவை ஒரு பாணியாகிவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சோழமண்டலத்துக்கு வெளியே இருந்தவர்களின் கதை இதை இன்னும் உறுதிப்படுத்துகிறது. 1950-களில் தொடங்கிய நெசவாளர் சேவை மையங்களில் ரெட்டப்ப நாயுடுவும் கே.எம். ஆதிமூலமும் வேலை பார்த்தார்கள். பகலில் சேலைக்கும் திரைச்சீலைக்கும் வடிவம் போட்ட கை, மாலையில் சித்திரம் எழுதியது. ஆதிமூலத்தின் எழுத்துருக்கள் தமிழ்ச் சிற்றிதழ்களின் முகமாயின. க்ரியா போன்ற பதிப்பகங்களின் நூலட்டைகளில் நவீன ஓவியம் தமிழ் வாசகரின் அலமாரிக்கு வந்தது. கூடத்துக்கு ஒருநாளும் போகாத, கோவில்பட்டியிலோ கும்பகோணத்திலோ இருந்த ஒரு கவிதை வாசகர் ஆதிமூலத்தின் தூரிகையை அடையாளம் கண்டுகொள்வார். ந. முத்துசாமி 1977-ல் நாடகக் குழு தொடங்கியபோது அதற்கு வைத்த 'கூத்துப்பட்டறை' என்ற பெயரிலேயே பட்டறை இருக்கிறது. இதற்கு முன்பே, இதே கலைப் பள்ளியில் படித்த சி. கொண்டையராஜு கோவில்பட்டியில் அமர்ந்து வரைந்த தெய்வங்கள் சிவகாசி அச்சகங்களில் நாள்காட்டியாகித் தமிழகத்துச் சுவர்களை நிரப்பின. தோட்டா தரணி 'நாயகன்' படத்துக்காகச் சென்னையில் தாராவியை எழுப்பித் தேசிய விருது பெற்றார். மணியம் செல்வனும் டிராட்ஸ்கி மருதுவும் வார இதழ்களின் பக்கங்களைத் தங்கள் கண்காட்சியாக்கிக்கொண்டார்கள். இவர்கள் மூவரும் அந்தப் பூந்தமல்லி நெடுஞ்சாலை வளாகத்தின் மாணவர்களே. சுவரில் மாட்டிய சட்டகங்களை மட்டும் எண்ணுபவர் கணக்கில் இவற்றில் ஒன்றும் வராது.

மூன்றாவது மறுப்பு கடுமையானது. அதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. கலைக்கும் கைவினைக்கும் நடுவே சுவரில்லை என்று பேசுகிறவர்கள், யாருடைய பெயர் மிஞ்சியது என்று பார்க்கட்டும். பள்ளியின் உலோகப் பட்டறையில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்த கம்மாளர்கள் பெயர் எதிலும் இல்லை. மவுண்ட் ரோட்டில் எழுபதடி உயரத்துக்குக் கதாநாயகனை நிறுத்திய பேனர் ஓவியர்கள், சிறு புகைப்படத்தில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைப் பலகைமேல் பெரிதாக்கி, கன்னத்துக்கு இளஞ்சிவப்பும் நிழலுக்கு நீலமும் அடித்து ஒரு நகரத்தின் வானத்தையே வண்ணமாக்கினார்கள். அச்சடித்த ஃப்ளெக்ஸ் வந்ததும் சில ஆண்டுகளில் அவர்கள் வேலையிழந்தார்கள். அப்போது அவர்களுக்காகக் கூடம் திறந்தவர் எவருமில்லை. பட்டறையிலிருந்து கலைஞன் கடன் வாங்கினான், பட்டறைக்காரன் கலைஞனாகவில்லை. சாதி வகுத்த தொழில் எல்லை, கல்லூரிச் சான்றிதழ் வகுத்த எல்லையாக உருமாறியது. இதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் இந்தக் குற்றச்சாட்டு என் வாதத்தை முறிக்கவில்லை. அதன் மிச்சக் கடமையைச் சொல்கிறது. அந்தக் கடமையைச் செய்ய முடியும் என்பதற்கும் நகரத்திலேயே முன்மாதிரி உண்டு. 1994-ல் தொடங்கிய தாரா புக்ஸ், கையால் செய்த காகிதத்தில் பட்டுத்திரை அச்சில் நூல்களை உருவாக்குகிறது. கோண்டு ஓவியர்களின் மரங்களைக் கொண்ட அவர்களுடைய நூலில் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி என்று வரைந்தவர்களின் பெயர்கள்தான் ஆசிரியர் பெயர்களாக நிற்கின்றன. கையெழுத்துப் போடும் உரிமையைப் பகிர்ந்தால் சுவர் இறங்கும்.

கூடங்களும் வராமல் இல்லை. தாமதமாக வந்தன, வந்தபோது இந்த மரபின் சாயலோடு வந்தன. 1965-ல் சரளா ஆர்ட் சென்டர், 1978-ல் கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியின் மண்டல மையம், 1984-ல் அப்பாராவ் கேலரி என்று வரிசை மெல்ல நீண்டது. மண்டல மையத்தில் கண்காட்சி அரங்கோடு அச்சுக்கலைக்கும் சிற்பத்துக்கும் பீங்கானுக்கும் பட்டறைகள் இருப்பது தற்செயல் அல்ல. 1996-ல் முட்டுக்காட்டில் திறந்த தட்சிணசித்ரா, நான்கு மாநிலத்து வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தி, குயவரையும் நெசவாளரையும் நவீன ஓவியக் கூடத்தையும் ஒரே வளாகத்தில் வைத்தது. சோழமண்டலத்துக்கு 2009-ல் சொந்த அருங்காட்சியகம் வந்தது. 2016-ல் தொடங்கிய, இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் சென்னைப் புகைப்பட விழா, கூடங்களை நம்பாமல் ரயில் நிலையத்துக்கும் பழைய கட்டடங்களுக்கும் படங்களைக் கொண்டுபோனது. 2020-ல் கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்கள் ஓவியங்களாயின. நகரத்தின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள் வாழும் பகுதி அது என்பதால், சுவருக்கு வண்ணம் அடித்தால் குடிநீரும் வேலையும் வந்துவிடுமா என்ற கேள்வி நியாயமானது. வராது. ஆனாலும் பார்வையாளர்களைக் கூடத்துக்கு வரவழைப்பதைவிடக் கலையை அவர்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவது இந்நகரத்துக்கு இயல்பாக வருகிறது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

அப்படியானால் கூடமே வேண்டாமா என்று கேட்டால், வேண்டும் என்பதே பதில். இங்கேதான் பட்டறை மரபின் பெரிய ஓட்டை தெரிகிறது. பட்டறைக்குச் செய்யத் தெரியும், பாதுகாக்கத் தெரியாது. பாடிக் துணி வெளுத்துப் போனது. சிற்றிதழ் அட்டைகள் பழைய புத்தகக் கடையில் மக்கின. பேனர் பலகைகளின் மேல் அடுத்த படத்துக்கு வெள்ளை அடித்தார்கள். திரைப்பட அரங்கத்தைப் படப்பிடிப்பு முடிந்ததும் பிரித்தார்கள். விக்டோரியா நினைவு மண்டபமே சுவரில் விரிசல் கண்டு 2002-ல் மூடப்பட்டு ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. பொதுக்கூடம் மூடிக்கிடக்கும் நகரத்தில் கலையின் வரலாறு தனியார் வரவேற்பறைகளுக்குள் போய்விடும். அங்கே எது விலைபோகுமோ அதுதான் நிற்கும். பணிக்கரும் அவர் வழிவந்தவர்களும் சேர்ந்த சென்னை இயக்கத்தின் ஓவியங்களுக்கு ஏலச் சந்தையில் மதிப்பு பிறந்திருப்பது நல்லதுதான். ஆனால் சந்தை எடுத்துக்கொள்வது சட்டகத்தை மட்டும். அதே கை செய்த சேலைக் கரையையும் நூலட்டையையும் அது தொடாது. அவை இல்லாமல் அந்தச் சட்டகத்தின் கோடு எங்கிருந்து வந்தது என்பது அடுத்த தலைமுறைக்குப் புரியாது.

ஆகவே சென்னைக்கு வேண்டியது மும்பையைப் பார்த்து எழுப்பும் இன்னொரு வெள்ளைச் சுவர்க் கூடம் அல்ல. ஜானகிராமின் செப்புத் தகட்டுக்குப் பக்கத்தில் கோயில் கவசமும், பணிக்கரின் ஓவியத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜாதக ஓலையும், ஆதிமூலத்தின் சித்திரத்துக்குப் பக்கத்தில் அவர் போட்ட அட்டையும், கொண்டையராஜுவின் மூல ஓவியத்துக்குப் பக்கத்தில் அதன் சிவகாசி நாள்காட்டியும், இவை எல்லாவற்றிலும் செய்தவர் பெயரும் இருக்கும் ஒரு பொது அருங்காட்சியகம் வேண்டும். பழைய கலைப் பள்ளியான அரசுக் கல்லூரி, நெசவாளர் மையம், சோழமண்டலம், பதிப்பகங்கள் என்று பொருள் சிதறிக் கிடக்கிறது. சேர்ப்பதற்கு மனம்தான் தேவை. இது புதுமையான யோசனை என்று யாரும் தயங்க வேண்டாம். எழும்பூரின் அந்த இளஞ்சிவப்புக் கட்டடம் 1909-ல் திறந்தபோது அதற்குள் ஒரு ஓவியக் கூடம் இல்லை. தென்னிந்தியக் கைகள் செய்த பொருள்கள்தான் இருந்தன.